கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் தொடங்கும் நோய்கள்



நம் குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்த்தால், உள்கடன் வாங்கிய காரணத்தில் கறவை மாடு, வெள்ளாட்டுக்கு அடுத்தபடியாக நாட்டுக்கோழி என்று எழுதியிருக்கும். சில ஊர்களில் வெண்பன்றி. பன்றிக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டு, "கால்நடைன்னு மட்டும் எழுதுங்க மேடம்" என்று கேட்கும் அக்காக்களும் உண்டு. கூச்சமே தேவையில்லை. காட்டுப்பாக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் பன்றிப் பண்ணை வைத்துத்தான் பன்றிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். படித்த டாக்டர்கள் செய்கிற வேலைதான் அது.

கடன் கேட்கும்போது குஞ்சு என்ன விலை, கூண்டுக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு என்று எல்லாம் கணக்குப் போடுகிறோம். தீவனம் என்று வரும் இடத்தில் மட்டும் "அது வீட்டுல கிடக்கிறதைப் பொறுக்கித் தின்னுக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பிறகு குஞ்சு செத்தால் நோய் வந்துவிட்டது என்கிறோம். பன்றிக்குட்டி வெளுத்துப்போனால் கண் பட்டுவிட்டது என்கிறோம். தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது.

உண்மையில் நாம் நோய் என்று சொல்வதில் பல, தீவனத் தொட்டியில் தொடங்குகின்றன. சில நேரம் தீவனத்தில் ஒன்று குறைகிறது. சில நேரம் இருக்கக்கூடாத ஒன்று கலந்துவிடுகிறது. இரண்டையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் ஆராய்ச்சி தேவைப்பட்டது. அந்த ஆராய்ச்சிகள் சொன்னதில் நம் வீட்டு வாசலில் செய்யக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஊசியா, புண்ணாக்கா?

நம் பகுதியில் ஒரு ஊரில் நடந்தது. ஐப்பசி அடைமழை ஓய்ந்த சமயம். ஒரே குழுவைச் சேர்ந்த நாலு பேர் சேர்ந்து ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கு வாங்கினார்கள். வழக்கமான விலையை விடக் குறைவு. மூட்டையில் கொஞ்சம் ஈரம் பட்டிருந்தது, "வெயில்ல காயப்போட்டா சரியாயிடும்" என்று வாங்கிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கோழிகளுக்கெல்லாம் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டிருந்தது. பத்துப் பதினைந்து நாளில் கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்கின. தீனி எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன.

அடுத்த குழுக் கூட்டத்தில் பெரிய சத்தம். "ஊசி போட்டதாலதான் செத்துச்சு. இனிமே ஊசி போடுறேன்னு யாரும் எங்க தெருவுக்கு வரக்கூடாது." பக்கத்து இரண்டு குழுக்களும் அதையே சொல்ல ஆரம்பித்தன. யோசித்துப் பாருங்கள், அந்தப் பேச்சு அப்படியே நிலைத்திருந்தால் அடுத்த கோடையில் அந்த ஊரில் ஒரு கோழி மிஞ்சியிருக்காது. வெள்ளைக் கழிச்சல் வந்தால் தெருவையே காலி செய்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கால்நடை மருத்துவர் வந்தார். செத்த கோழி ஒன்றை எல்லோர் முன்னாலும் அறுத்துக் காட்டினார். ஈரல் வெளுத்து, மஞ்சள் பாய்ந்து, வீங்கியிருந்தது. "தீவனம் எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். புண்ணாக்கு வில்லை ஒன்றை உடைத்தால், உள்ளே பச்சையும் சாம்பலுமாகப் பூசணம். அப்போது ஒரு பாட்டி சொன்னார்: "அதே நாள் எங்க வீட்டுக் கோழிக்கும்தானே ஊசி போட்டாங்க, என் கோழி ஒண்ணும் ஆகலையே." அவர் வீட்டில் அந்தப் புண்ணாக்கு வாங்கவில்லை. டாக்டர் அரை மணி நேரம் பேசியதை விட அந்தப் பாட்டியின் ஒரு வார்த்தைதான் கூட்டத்தை அமைதியாக்கியது. ஆராய்ச்சி என்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே மாதிரி இரண்டு கூட்டம் கோழி, ஒன்றே ஒன்று மட்டும் வித்தியாசம். எது செத்தது, எது பிழைத்தது என்று பார்ப்பது.

இதே கதை உலகத்தையே உலுக்கிய அளவில் 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது. ஒரு சில மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் எல்லாப் பண்ணைக்கும் பொதுவாக இருந்தது பிரேசில் நாட்டிலிருந்து கப்பலில் வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு என்று கண்டுபிடித்தார்கள். அதில் வளர்ந்த ஒரு பூஞ்சை நஞ்சைச் சுரந்திருந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை இவற்றில் இது அதிகம் வரும்.

இந்த நஞ்சு பற்றி நான்கு விஷயம் மனதில் வையுங்கள். ஒன்று, இது ஈரலைத் தாக்குகிறது. இரண்டு, உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறது. அதனால்தான் தடுப்பூசி போட்டிருந்தும் சில இடங்களில் சரியாகப் பலன் கிடைப்பதில்லை. பழி ஊசிக்குப் போகிறது. மூன்று, வெயிலில் காயவைத்தாலும், அடுப்பில் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. காயவைப்பது புதிதாகப் பூசணம் வராமல் தடுக்கும், வந்துவிட்ட நஞ்சை எடுக்காது. பூசணம் பிடித்த இடத்தைச் சுரண்டிவிட்டு மீதியைக் கொடுப்பதும் பிரயோஜனம் இல்லை. நான்கு, கோழிக்கு வேண்டாம் என்று அதை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த நஞ்சு பாலில் இறங்கும், பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். வாத்துக் குஞ்சு, வான்கோழிக் குஞ்சு, பன்றிக்குட்டி இவை எல்லாம் இந்த நஞ்சைத் தாங்காது.

பூசணம் பிடித்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். "முந்நூறு ரூபாய் புண்ணாக்கை எப்படிக்கா மண்ணுல போடுறது?" என்று கேட்பீர்கள். இருபது கோழி என்ன விலை என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள்.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை அல்லது செங்கல் மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வில்லையாக வாங்கினால் கடையிலேயே ஒன்றை உடைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கூச்சம் வேண்டாம், காசு நம்முடையது.

மாட்டுக்குச் சரி, கோழிக்குச் சரியா?

மாட்டைப் பழகிய கண்ணோடு கோழியையும் பன்றியையும் பார்ப்பதுதான் நம்மில் பலர் செய்வது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. வைக்கோலைப் போட்டால்கூட அதன் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் புரதமாகவும் வைட்டமின்களாகவும் மாற்றிக் கொடுக்கும். கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதி கிடையாது. நம்மைப் போல ஒற்றை வயிறு. வாய்க்குள் என்ன போகிறதோ அதுதான் உடம்பில் சேரும். அதனால்தான் ஆராய்ச்சி செய்பவர்கள் கோழியையும் பன்றியையும் எப்போதும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள்.

யூரியா கலந்த மாட்டுத் தீவனத்தைக் கோழிக்கோ பன்றிக்கோ போடக்கூடாது. அதைப் புரதமாக மாற்றும் வயிறு அவற்றுக்கு இல்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் அப்படித்தான், மாடு தாங்கும், கோழியும் பன்றியும் தாங்காது. ஆமணக்குப் புண்ணாக்கு எதற்குமே தீவனம் கிடையாது, உரம் மட்டும்தான். சூபாபுல் தழை ஆட்டுக்குக் கொஞ்சம் ஆகும், கோழிக்கு வேண்டாம்.

நம்மைப் போல என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1890ஐ ஒட்டிய வருடங்களில் ஜாவா தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு டாக்டர் வேலை பார்த்தார். அங்கே மக்களுக்குக் கால் மரத்து, நடக்க முடியாமல் போகும் பெரிபெரி என்ற நோய். கிருமியால் வருகிறது என்று நினைத்துக் கோழிகளை வைத்து ஆராய்ந்தார். திடீரென்று அவருடைய கோழிகளுக்கும் கால் விழுந்துவிட்டது. பிறகு தானாகவே சரியாகிவிட்டது! என்ன என்று விசாரித்தால், நடுவில் சில மாதம் கோழிகளுக்கு ஆஸ்பத்திரி சமையல் அறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோறு கோழிக்கா என்று நிறுத்திவிட்டார். மறுபடி தவிடு நீக்காத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரிய வந்தது. இன்று நாம் வைட்டமின் பி1 என்று சொல்வது அதுதான். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் தீட்டித் தள்ளும் தவிட்டின் அருமையைச் சொல்லிக்கொடுத்தது கோழி.

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மில்லிலிருந்து வந்த புதுத் தவிடாகப் பார்த்துக் கொடுங்கள்.

குஞ்சுக்கு முதல் நான்கு வாரம்

இலங்கையில் 1990களில் கிராமத்துக் கோழிகளின் கழுத்துக்குக் கீழே தீனி சேரும் பையை அறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு, வீட்டிலிருந்து வெளியே கொட்டிய சோறு, தேங்காய்த் துருவல் போன்ற சமையல் கழிவு. புழு பூச்சி கொஞ்சம்தான். கோழி தானாக மேய்ந்து வளர்கிறது என்று நாம் நினைத்தாலும், அதற்குத் தீனி போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் என்பது இதில் தெரிகிறது. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. சோறு சக்தி கொடுக்கும். சதை, இறகு வளரப் புரதம் வேண்டும். அது சோற்றில் போதாது.

பெரிய கோழி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். குஞ்சு சமாளிக்காது. முதல் சில வாரத்துக்குக் குஞ்சின் தீவனத்தில் 100 பங்குக்கு 20 பங்கு புரதம் வேண்டும். நொய்யில் 8 பங்குதான் இருக்கிறது. வெறும் நொய்யை மட்டும் தின்கிற குஞ்சுக்கு வயிறு நிறையும், வளர்ச்சி நிற்கும். குளிர் தாங்காது, ஓடவும் தெம்பிருக்காது. பருந்து தூக்கிற்று, கீரி பிடித்தது என்கிறோம். ஓட முடியாத குஞ்சைத்தான் அவை முதலில் பிடிக்கும்.

வீட்டிலேயே 10 கிலோ குஞ்சுத் தீவனம் கலக்க ஒரு கணக்கு தருகிறேன். உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் நாலரை கிலோ, நொய் முக்கால் கிலோ, புதுத் தவிடு 1 கிலோ, நல்ல கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு அரை கிலோ, உப்புப் போடாத கருவாட்டுத் தூள் 1 கிலோ, கடையில் விற்கும் கோழிக்கான தாது உப்புக் கலவை கால் கிலோ. இதில் புரதம் சுமார் 20 பங்கு வரும். கடலைப் புண்ணாக்கு ஒன்றே போதாதா, எள்ளும் எதற்கு என்று கேட்கலாம். புரதம் என்பது பல மணிகள் கோத்த மாலை மாதிரி. கடலையில் இல்லாத சில மணிகள் எள்ளில் இருக்கின்றன, இரண்டிலும் குறைவானவை கருவாட்டில் இருக்கின்றன. ஒரு மணி குறைந்தாலும் மாலை முடியாது. கருவாடு உப்புப் போட்டதாக இருந்தால் குஞ்சுக்கு அந்த உப்பே ஆபத்து, அதனால் உப்பில்லாததாகவே கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவா செலவு என்று பயப்பட வேண்டாம். நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்று முதல் நான்கு வாரத்தில் தின்பது அரை கிலோவுக்குள்தான். பத்துக் குஞ்சுக்கு 5 கிலோ. நான்கு வாரம் தாண்டிவிட்டால் படிப்படியாகக் குறைத்து மேய்ச்சலுக்குப் பழக்கலாம்.

ஒரே சிக்கல், குஞ்சுக்குப் போட்டதைத் தாய்க்கோழியும் பக்கத்து வீட்டுச் சேவலும் வந்து தின்றுவிடும். அதற்கு நம் பஞ்சாரமே போதும். சுற்றிலும் அரைச் செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, உள்ளே தீவனத் தட்டும் தண்ணீரும் வையுங்கள். குஞ்சு நுழையும், பெரிய கோழி நுழையாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

அசோலா பற்றி ஒரு வார்த்தை. பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர்கள் அசோலா போட்டால் வேறு தீவனமே வேண்டாம் என்கிறார்கள். காய்ந்த அசோலாவில் புரதம் 20 பங்குக்கு மேல் இருப்பது உண்மைதான். ஆனால் தொட்டியில் இருந்து அள்ளும் பச்சை அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ அள்ளினால் அதில் புரதம் 15 கிராம் வரை இருந்தால் பெரிது. கீரை மாதிரிக் கூடுதலாகக் கொடுங்கள், நல்லது. முருங்கைக் கீரையும் அப்படியே. மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும். அதையே முழுத் தீவனம் என்று நம்பிவிட வேண்டாம்.

முட்டைக் கோழியின் எலும்பு

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீவனத்தில் அது கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். பிள்ளை பெற்ற நம் உடம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடு மெலிவது, தோல் முட்டை இடுவது, கோழி கால் தளர்ந்து உட்கார்ந்துவிடுவது, தன் முட்டையையே கொத்திக் குடிப்பது, இவையெல்லாம் அந்தக் குறையின் அறிகுறியாக இருக்கலாம்.

கிளிஞ்சலை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் போதும், தேவையானதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். ஓடு உருவாவது இரவு நேரத்தில். அதனால் மாலை அடைவதற்கு முன் வைப்பது நல்லது. வீட்டு முட்டை ஓட்டையும் கழுவி, காயவைத்து, முட்டை என்றே தெரியாத அளவுக்குத் தூளாக்கிப் போடலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை மட்டும் வைக்காதீர்கள், வாய் வெந்துவிடும். குஞ்சுகளுக்கு இந்த அளவு சுண்ணாம்புச் சத்து கொடுக்கக்கூடாது, சிறுநீரகம் கெடும். முட்டையிடும் கோழிக்கு மட்டும்தான்.

அடைத்து வளர்க்கும்போது கோழிகள் ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். "கெட்ட புத்தி புடிச்ச கோழி" என்று அதைத் திட்டி, மூக்கை வெட்டச் சொல்கிறோம். புரதமோ உப்போ குறைந்தாலும், இடம் நெருக்கமானாலும், வேலை இல்லாமல் சும்மா நின்றாலும் கோழி கொத்தும். அதற்குக் கொத்துவதுதான் பிழைப்பு. கொத்த வேறு ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்துக் கோழியைக் கொத்துகிறது. ஒரு கீரைக் கட்டைக் கயிற்றில் கட்டி, எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். தீவனத்தையும் சரிசெய்யுங்கள். பன்றிகள் வாலைக் கடித்துக்கொள்வதற்கும் இதே மாதிரிக் காரணங்கள்தான். அவற்றுக்குத் தள்ளிக் கிளற வைக்கோலோ புல்லோ போட வேண்டும்.

பன்றி வளர்ப்பவர்களுக்கு

தாய்ப்பன்றிக்குச் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். மொத்தம் 114 நாள். குட்டி போட்ட அன்று நீங்கள் கூட இருக்க வேண்டும். மனிதக் குழந்தைக்குத் தாய் வயிற்றிலேயே ஓரளவு எதிர்ப்பு சக்தி கிடைத்துவிடுகிறது. பன்றிக்குட்டிக்குக் கிடைப்பதில்லை, முழுவதும் சீம்பாலில்தான். அதுவும் ஒரு நாள் தாண்டினால் குட்டியின் குடல் அதை உறிஞ்சாது. எனவே பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும், கடைசியாகப் பிறந்த சொத்தைக் குட்டி உட்பட, சீம்பால் குடிக்கும்படி காம்பில் பிடித்து விடுங்கள்.

அடுத்தது இரும்புச் சத்து. இதை நம் குழுக்களில் பலர் கவனிப்பதில்லை. பிறக்கும்போது குட்டியின் உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவை சுமார் 7 மில்லிகிராம். தாய்ப்பாலில் கிடைப்பதோ நாளுக்கு 1 மில்லிகிராம் அளவுதான். வரவு ஒன்று, செலவு ஏழு, கையிருப்பு ஐம்பது. நம் குழுக் கணக்குப் போலவே போட்டுப் பாருங்கள், பத்து நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு காது வெளுக்கும், மூச்சு வாங்கும், கழியும், ஒரு நாள் காலையில் செத்துக் கிடக்கும்.

"தெருவுல திரிஞ்ச பன்னிக்கு யாரு ஊசி போட்டா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். நல்ல கேள்வி. தெருவில் திரிந்த குட்டி மண்ணைக் கிளறித் தின்றது, மண்ணில் இரும்பு இருந்தது. நாம் சுத்தமாக இருக்கட்டும் என்று சிமெண்டுத் தரை போட்டோம். புழுத் தொல்லை குறைந்தது, கூடவே இரும்பும் போய்விட்டது. அதனால் மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரிடம் இரும்பு ஊசி போடச் சொல்லுங்கள். அன்று ஊசி கிடைக்காவிட்டால், பன்றி போகாத இடத்தில் இருந்து சுத்தமான செம்மண் கொஞ்சம் கொண்டுவந்து கொட்டகையில் தினமும் போடலாம். ஆனால் ஊசிதான் நிச்சயம்.

தண்ணீரும் தீவனம்தான். பால் கொடுக்கும் தாய்ப்பன்றி ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். ஊறுகாய், கருவாடு, உப்புக் குழம்பு எல்லாம் கலந்த ஓட்டல் மிச்சத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் வைக்காமல் போனால், உப்பு மூளையைத் தாக்கும். குருடு மாதிரிச் சுவரில் முட்டும், வலிப்பு வரும். வெறி நோய் என்று நினைத்துவிடுவார்கள்.

ஓட்டல் மிச்சம், கல்யாண மண்டப மிச்சம் இவற்றைக் காய்ச்சாமல் போடவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற நோய் 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் நம் நாட்டில் முதன்முதலாக வந்தது. 2022இல் கேரளத்தில் வயநாடு வரை வந்துவிட்டது. மனிதருக்கு அது தொற்றாது. பன்றிக்கு வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது, பண்ணையில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவார்கள். அந்தக் கிருமி பன்றி இறைச்சித் துண்டில் நெடுநாள் உயிரோடு இருக்கும். ஓட்டல் மிச்சத்தில் அப்படி ஒரு துண்டு இருக்கிறதா இல்லையா என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது. நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம், கிளறிவிட்டுக்கொண்டே காய்ச்ச வேண்டும். விறகுச் செலவு இருக்கிறது, தெரியும். நாலு பேர் சேர்ந்து ஒரே அண்டாவில் காய்ச்சிப் பிரித்துக்கொள்ளும் குழுக்களும் இருக்கிறார்கள். கொட்டகைக்கு வெளியே காய்ச்ச வேண்டும், காய்ச்சாத வாளியும் காய்ச்சிய வாளியும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

மிச்சச் சோற்றை மட்டுமே தின்கிற பன்றிக்குக் கொழுப்புதான் ஏறும், சதை ஏறாது. அதோடு புண்ணாக்கும் தவிடும் தாது உப்பும் சேர்க்க வேண்டும். மரவள்ளித் தோலும் கிழங்கும் கிடைக்கும் ஊர்களில் பச்சையாகப் போடாதீர்கள், அதில் நஞ்சு உண்டு. வெட்டிக் காயவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள்.

வளர்ச்சித் தூள்

"இந்தத் தூளைத் தண்ணியில கலந்தா குஞ்சு சட்டுனு வளரும்" என்று பாக்கெட்டில் பெயரே சரியாக இல்லாத மருந்துகளை விற்க வருகிறார்கள். அதில் சில, மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள். கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடை, கோழித் தீவனத்தில் பயன்படுத்த நம் மத்திய அரசு 2019இல் தடை போட்டது. ஐரோப்பிய நாடுகளில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 முதல் நிறுத்திவிட்டார்கள். கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டால், நாளை நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அது வேலை செய்யாது. டாக்டர் எழுதிக் கொடுக்காத மருந்தை வாங்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன்.

சந்தேகம் வந்தால் எங்கே காட்டுவது?

பெரிய அளவில் சேர்ந்து தீவனம் வாங்கும் குழுக்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அஃப்ளாடாக்சின் இருக்கிறதா, புரதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு அது கட்டுப்படி ஆகாது. பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய மூட்டைகளுக்கு ஒரு சோதனை என்றால் ஆளுக்குச் சிறு தொகைதான் வரும்.

மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். பூசணம் மூட்டை முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்காது. ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி எடுத்தால் நல்லதும் வரலாம், கெட்டதும் வரலாம். ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் எடுத்து, எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலக்கி, அதிலிருந்து அரை கிலோ எடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். காகிதப் பை அல்லது துணிப் பை நல்லது. வாங்கிய தேதி, கடை, மூட்டை எண் எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். அதே சீட்டின் நகல் குழு நோட்டில் ஒட்டியிருக்கட்டும், கடைக்காரரிடம் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாம் வழக்கமாக பிப்ரவரி மாதம் நடக்கும். அதற்கு முன்பே, தை மாதத் தொகுப்புக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் இப்போது கோழிக்குப் போடும் தீவனத்தில் ஒரு கைப்பிடி முடிந்து எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பி, உடைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, யார் வீட்டு மூட்டையை மாற்ற வேண்டும் என்று அங்கேயே பேசிக்கொள்வோம்.